பந்தியில் பரவும் வாந்திபேதி: பழி சாம்பாருக்கு, குற்றம் கையில்

கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள், ஒரே பந்தியில் சாப்பிட்ட பத்துப் பதினைந்து பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். "சாம்பார் கெட்டுப்போயிருக்கு" என்பதுதான் முதல் பேச்சு. மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு முதல் வாந்தி?

சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், உணவில் ஏற்கெனவே ஊறிய பாக்டீரியா நச்சைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலோருக்கு ஒரு நாள் முதல் இரண்டு நாள் கழித்துத் தொடங்கியது, பாதிப் பேருக்கு மேல் வாந்தி, 12 முதல் 60 மணி நேரத்தில் தானே தணிகிறது, மலத்தில் பாக்டீரியா வளரவில்லை என்றால், வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸை நினைக்க வேண்டும். 1982இல் கப்லானும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த அளவுகோல் இது. வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை முடிவு வரும்வரை இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

கொதித்து இறங்கிய சாம்பாரில் இந்த வைரஸ் பிழைக்காது. அடுப்பிலிருந்து இறங்கியபின் கை பட்டவற்றைத்தான் பார்க்க வேண்டும்: வெள்ளரிப் பச்சடி, கோசம்பரி, நறுக்கிய பழம், ரோஸ்மில்க்கில் போடும் ஐஸ். இலை ஓரத்தில் இரண்டு விரலால் கிள்ளி வைக்கும் உப்பும், கையால் எடுத்துப் போடும் அப்பளமும் இதே கணக்குதான். நூறு வைரஸ் துகளுக்கும் குறைவாகவே போதும், நோய் வந்துவிடும். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் அவை கோடிக்கணக்கில் இருக்கும்.

ஆகவே வாந்தியோ பேதியோ கண்ட சமையல்காரரும் பரிமாறுகிறவரும், அது முழுதாக நின்றபின் 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது. கூலி போய்விடுமே என்று, நோயைச் சொல்லாமல் வேலைக்கு வந்துவிடுகிறார்கள்; அதில் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இரண்டு நாள் கூலியைக் கல்யாண வீட்டாரோ ஒப்பந்தக்காரரோ கொடுத்துவிட வேண்டும். நூறு பேர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது எவ்வளவோ குறைவு. வாந்திபேதி நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வெளியேறும். அதனால் கழிப்பறை போய் வந்ததும் 20 விநாடி சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கழுவுவது கட்டாயம். சானிடைசரை நம்ப வேண்டாம். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் கரைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பந்தியில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால், மண்ணைத் தூவித் துடைப்பத்தால் கூட்டுவதுதான் வழக்கம். அதில் துளிகள் தெறிக்கும். முதலில் மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள், பக்கத்து இலைக்காரர்களை எழுப்பித் தள்ளி உட்கார வையுங்கள். கையுறை போட்டு, பழைய செய்தித்தாளால் மூடி, அதன் மேல் பிளீச்சிங் கரைசலை மெல்ல ஊற்றுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பவுடர். பத்து நிமிடம் கழித்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுருட்டி எடுத்துப் பையில் கட்டுங்கள். தரையில் மறுபடி ஒரு முறை ஊற்றித் துடையுங்கள். கரைசல் அன்றன்றைக்குக் கலக்கியதாக இருக்கட்டும். கட்டி தட்டி, காரநெடி போன பவுடருக்கு வீரியம் கிடையாது. நம் ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை சீக்கிரமே அப்படி ஆகிவிடும். கழிப்பறை ஆசிடுடன் மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீரையும் விட்டுவிட முடியாது. டெல்டாவில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடங்களில், ஐப்பசி மழையில் செப்டிக் டேங்கும் சம்ப்பும் ஒன்றோடொன்று கசியும். மண்டபத்துத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், தெளிந்த கரைசலாக ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். குடிக்கக் கொடுப்பது கொதிக்கவைத்து ஆறிய நீராக இருப்பதே நல்லது.

நோய் கண்டவருக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதிய அளவைப் படித்துக் கலக்குங்கள். ஒரு லிட்டருக்கும் உண்டு, 200 மில்லிக்கும் உண்டு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரோட்டா தடுப்பு மருந்து போட்ட குழந்தைக்கும் நோரோ வரும். இரண்டும் வேறு வேறு வைரஸ்.

நோய் தொடங்கி மூன்று நாளைக்குள் ஐந்து பேரின் மல மாதிரியாவது சுத்தமான டப்பாவில், ஃப்ரீசரில் வைக்காமல் குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சமைத்தவர், பரிமாறியவர் மாதிரியும் கூடவே போகட்டும்.