பேட்டரி: அடி, அடுக்கு, கலம்

எங்கள் தாத்தா வீட்டு டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலிப் பாட்டு கம்மத் தொடங்கினால், அவர் பின்மூடியைக் கழற்றி நான்கு கட்டைகளையும் திண்ணை வெயிலில் உருட்டிவிடுவார். விறகுக்கட்டை இல்லை, பேட்டரி கட்டை. மதியம் வரை காய்ந்தால் இன்னும் இரண்டு நாள் ஓடும். சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினை கொஞ்சம் வேகம் பிடிக்கும், அவ்வளவுதான். புதிதாக எதுவும் ஏறிவிடாது. கடைக்குப் போனால் மட்டும் "ரேடியோவுக்கு நாலு செல் குடுப்பா" என்பார். வீட்டில் கட்டை, கடையில் செல், விளம்பரத்தில் பேட்டரி. இவற்றில் கடையில் தாத்தா கேட்டதுதான் சரியான சொல் என்பது என் கட்சி.

பேட்டரியின் வேரில் மின்சாரமே கிடையாது. லத்தீனில் 'பட்டுவேரே' என்றால் அடிப்பது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது அடிதான். ஒருவரை அடிப்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில் இன்றும் 'பேட்டரி' என்றே பெயர். கோட்டைச் சுவரை அடித்து நொறுக்கும் பீரங்கிகளுக்கு அந்தப் பெயர் போனது. அப்புறம் வரிசையாக நிறுத்திய பீரங்கித் தொகுதிக்கே அது பெயராகிவிட்டது. பிரெஞ்சில் இன்னொரு கிளையும் உண்டு. சினிமா இசைக்குழுவில் நாம் 'டிரம்ஸ்' என்பதை அவர்கள் 'பத்ரி' என்பார்கள். அதுவும் அடிக்கிற பொருள்தானே.

மின்சாரத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749-இல் லண்டனில் இருந்த நண்பர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில், ஈயத் தகடு பொருத்திய 11 கண்ணாடிப் பலகைகளை இணைத்து 'மின் பேட்டரி' ஒன்று செய்ததாகச் சொல்கிறார். பீரங்கிகள் சேர்ந்து சுடுவதுபோல எல்லாப் பலகைகளும் ஒரே நேரத்தில் மின்னை வெளியே தள்ளும் என்பதால் அந்தப் பெயர். அதே கடிதத்தில் ஒரு விருந்துத் திட்டமும் இருக்கிறது: மின் அதிர்ச்சி கொடுத்து வான்கோழியைக் கொன்று, மின்னால் சுழலும் கம்பியில் வாட்டிச் சாப்பிடுவது! அடுத்த ஆண்டு டிசம்பரில் வான்கோழிக்கு வைத்த அதிர்ச்சி அவர் மேலேயே பாய்ந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் செய்தது இன்றைய கணக்கில் பேட்டரியே அல்ல, மின்தேக்கிகளின் வரிசை. வெளியிலிருந்து ஏற்றியதைத் தேக்கிவைத்துச் சட்டென்று கொட்டும். தானாக எதையும் உண்டாக்காது.

உண்டாக்கியவர் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா. 1800 மார்ச் 20 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்சுக்கு அவர் எழுதிய கடிதம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. வெள்ளி வில்லை, துத்தநாக வில்லை, உப்புநீரில் ஊறிய அட்டை, மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று இட்லித் தட்டு அடுக்குவதுபோல அடுக்கிக்கொண்டே போனார். மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்த்துத் தொட்டால் ஷாக் அடித்தது, நிற்காமல் அடித்தது. இதற்குப் பிரெஞ்சில் நிலைத்த பெயர் 'பீல்'. பொருள், அடுக்கு. பாரிசில் இன்றும் டார்ச்லைட்டுக்கு 'பீல்' என்றுதான் கேட்பார்கள். ஆங்கிலம் மட்டும் வோல்டாவை விட்டுவிட்டு பிராங்க்ளினின் பீரங்கியோடு போய்விட்டது.

நம் பாடநூல்களில் உள்ள சொல் 'மின்கல அடுக்கு'. பீரங்கியோ அடியோ அதில் இல்லை. ஆக்கியவர் வோல்டாவை நினைத்துத்தான் ஆக்கினாரா என்று தெரியாவிட்டாலும், 'அடுக்கு' என்ற சொல் நேராக அவருடைய மேசையில் போய் நிற்கிறது.

இனி கலம். சங்கப் பாட்டில் யவனரின் 'வினைமாண் நன்கலம்' பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிறது, அது கப்பல். குறளில் பச்சை மண்ணால் செய்த கலத்தில் நீர் ஊற்றுகிறார்கள், அது பானை. நெல் அளக்கையில் 12 மரக்கால் ஒரு கலம். சாப்பிடும் தட்டு உண்கலம், வானத்துக்குப் போவது விண்கலம். உள்ளே ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் எதுவும் கலம்தான். ஆங்கிலச் 'செல்' லத்தீனில் சிறு அறை. அந்த அறையைத் தமிழில் பாத்திரமாக்கிவிட்டோம். இலங்கைப் பள்ளிகளில் உயிரியலில் படிக்கும் செல்லும் கலம்தான். செல்போனில் உள்ள செல் வேறு வகை. ஒரு கோபுரத்தின் சிக்னல் எட்டும் பகுதி அது. பழைய தமிழில் 'செல்' என்றால் கரையான், ஏடு செல்லரிப்பது அதனால்தான். இன்றைய செல்லும் நேரத்தைத்தான் அரிக்கிறது, அதைப் பற்றி இன்னொரு நாள்.

மின்கலம் என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. குடத்தில் தண்ணீர்போல மின்சாரம் உள்ளே நிறைந்திருக்கிறது என்று அது நினைக்க வைக்கும். உண்மையில் இருப்பது வேதிப்பொருள்கள். சுவிட்சைத் தட்டிச் சுற்று முழுமையானால்தான் வினை தொடங்கி மின்சாரம் வரும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு கல்லில் தோசை ஊற்றுகிற கணக்கு. ஆனாலும் இந்தக் குறைக்காக இவ்வளவு நல்ல சொல்லைத் தள்ள மனம் வரவில்லை.

கலம் என்றால் ஒன்று, அடுக்கு என்றால் பல. கார் பேட்டரியின் 12 வோல்ட் எப்படி வருகிறது? ஏறத்தாழ 2 வோல்ட் கலங்கள் ஆறு உள்ளே தொடராக நிற்கின்றன. இன்வெர்ட்டரிலும் அதேதான், தண்ணீர் ஊற்ற மேலே ஆறு மூடி இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். பல மின்சார ஸ்கூட்டர்களில் விரல் நீளச் சிறு கலங்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். இவையெல்லாம் மின்கல அடுக்கு. ரிமோட்டில் போடுகிற 1.5 வோல்ட் கட்டை ஒவ்வொன்றும் ஒற்றைக் கலம். பெரும்பாலான போன்களிலும் ஒன்றேதான். அதைப் பேட்டரி என்பது ஒரே ஒரு பீரங்கியைப் பீரங்கிப்படை என்பதுபோல. ஆங்கிலம் இந்த வேறுபாட்டை அன்றாடப் பேச்சில் தொலைத்துவிட்டது. செல் கேட்ட தாத்தா தொலைக்கவில்லை.

மறுபடி ஏற்றக்கூடியதற்குப் பாடநூலில் 'துணை மின்கலம்' என்ற பெயரும் உண்டு. அது எதற்குத் துணை என்று மாணவனுக்குப் புரியாது. 'சேமக்கலம்' என்பது எவ்வளவோ மேல். 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளான்டே செய்த ஈய-அமிலக் கலம் முதல், 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனிக் கலம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். எவ்வளவு சேமம் என்று கேட்டால், 5000 மில்லி ஆம்பியர் மணி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் போனில் 19 வாட் மணி அளவுதான் இருக்கிறது. வீட்டு மின்கணக்கில் ஒரு யூனிட், அதாவது 1000 வாட் மணி, ஓடுவதற்குள் அந்தப் போனை நாற்பது தடவைக்கு மேல் நிரப்பிவிடலாம். சார்ஜரைப் பிடுங்கச் சொல்லித் திட்டுபவர்கள் ஏ.சி.யையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

அதற்காக, ரயில் நிலையத்தில் 'பேட்டரி கார் எங்கே' என்று கேட்கிறவரை நிறுத்தித் திருத்த நான் தயாரில்லை. பேச்சில் பேட்டரி இருக்கட்டும். எழுத்தில், ஒன்றா பலவா என்பது முக்கியமான இடத்தில், மின்கலம், மின்கல அடுக்கு, சேமக்கலம் மூன்றும் கையில் இருக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேட்டரி தன் பழைய பொருளுக்கே திரும்பிவிடுகிறது. ஐபிஎல் கடைசி ஓவர், விளம்பரம் முடிந்துவிட்டது, ரிமோட் வேலை செய்யவில்லை. எழுந்துபோய் வேறு செல் எடுக்க யாருக்கும் மனமில்லை. ரிமோட்டைத் திருப்பி, முதுகில் ஓங்கி இரண்டு அடி.