எட்டம்: ‘ரேஞ்ச்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல்

கண்மாயின் நீர்மட்டத்தை அளந்து ஊருக்குள் இருக்கும் வீட்டுக்குச் வானொலி அலைவழிச் செய்தி அனுப்பும் லோரா கருவியை வாங்கப்போகும் தேவகோட்டைக்காரர் முதலில் கேட்பது, ‘ரேஞ்ச் எவ்வளவு?’ என்பதே. லோரா என்ற பெயரே ‘லாங் ரேஞ்ச்’ என்பதன் சுருக்கந்தான். பிரான்சின் கிரெனோபிள் நகரத்துச் சைக்ளியோ நிறுவனத்தில் உருவான இந்நுட்பம், 2012இல் செம்டெக் என்ற சில்லு நிறுவனம் அந்நிறுவனத்தை வாங்கியபோது அதன் கைக்கு வந்தது.

‘ரேஞ்ச்’ என்பது பழைய பிரெஞ்சில் வரிசையைக் குறித்த சொல். பின்னாளில் ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குண்டு செல்லும் தொலைவையும் குறித்தது. தமிழில் இதற்கு ‘வீச்சு’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளி இயற்பியலில் வீச்சு என்பது அலையின் பெரும இடப்பெயர்ச்சி என்பதால், வானொலி பற்றிய ஒரே பத்தியில் இரு பொருளும் மோதிக்கொள்ளும். ‘எட்டம்’ பொருத்தமானது. சென்றடைதல், தொடுதல் என்னும் பொருளுடைய ‘எட்டு’ என்ற வினையிலிருந்து பிறந்த இச்சொல் ஈழத்துப் பேச்சில் தொலைவைக் குறிக்கிறது; ‘கண்ணுக்கெட்டிய தூரம்’, ‘எட்டாக்கனி’ என்று அந்த வினையை நாமும் நாள்தோறும் ஆள்கிறோம்.

வீச்சு எறிபவரைப் பற்றியது. எட்டம் போய்ச் சேர்வதைப் பற்றியது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவெண்களை உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்றாலும் அனுப்பும் திறனுக்கு வரம்பு உண்டு. ஆகவே எட்டத்தைக் கூட்டும் வழிகள் வேறு இடங்களில் இருக்கின்றன. செய்தியை எவ்வளவு நீட்டிப் பரப்பி அனுப்புவது என்பதைக் குறிக்கும் பரவல் காரணியை (ஸ்பிரெடிங் ஃபேக்டர்) 7இலிருந்து 12க்கு உயர்த்தினால், இரைச்சலைவிட 20 டெசிபெல் தாழ்ந்த, அதாவது அதில் நூற்றில் ஒரு பங்கே வலுவுள்ள குறிகையையும் (சிக்னல்) பெறும் கருவி படித்துவிடும். தடையற்ற வெளியில் இது எட்டத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்கும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் செய்தி அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாவதால், மின்கலம் அதற்கேற்பத் தீரும்.

உயரம் அதனினும் பெரிது. ஐந்து கிலோமீட்டர் இணைப்பில் அலை ஒரு கோடாகச் செல்வதில்லை. நடுவழியில் சுமார் 21 மீட்டர் ஆரமுள்ள வெளி அதற்கு வேண்டும், அந்த ஆரத்தில் 60 விழுக்காடாவது சீமைக்கருவேலங் காடும் கட்டடங்களும் குறுக்கிடாமல் இருக்கவேண்டும். செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், தடித்த சுவர்களுக்கு நடுவே பெறும் கருவியை வைத்துவிட்டு எட்டவில்லை என்று நொந்துகொள்வதில் பயனில்லை. அதை மொட்டை மாடிக்கு ஏற்றவேண்டும். அப்போதும் அலைவாங்கியை மட்டும் மேலே நட்டு, மெல்லிய ஓரச்சு (கோஆக்சியல்) வடத்தைப் பத்து மீட்டர் கீழே இறக்கினால், மீட்டருக்கு ஒரு டெசிபெல் வீதம் இழந்து குறிகையில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். கருவியையே மழைநீர் புகாத பெட்டியில் அடைத்து அலைவாங்கியின் அடியில் கட்டிவிட்டு, மின்சாரக் கம்பியைக் கீழிருந்து கொண்டுபோவதே நல்லது. இரு முனைகளிலும் அலைவாங்கிகள் செங்குத்தாகவே நிற்கட்டும். ஒன்று படுத்துக் கிடந்தால் அதனாலும் எட்டம் குறையும்.