ரெடிமேட் பிளான் வாங்கலாம், அப்ரூவல் உங்கள் மனைக்குத்தான்

"பிளான் எங்ககிட்டயே இருக்கு சார், அப்ரூவல் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க." சேலத்தில் வீட்டு வரைபடம் போட்டு அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொடுக்கிற என்னைப் போன்ற பொறியாளர்களிடம் இப்போது நிறையப் பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். போனில் ஒரு படம் இருக்கும். முப்பதுக்கு நாற்பது, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு பெட்ரூம், அக்னி மூலையில் சமையலறை, பெரும்பாலும் எந்த ஊரில் யார் போட்டது என்றே தெரியாது.

ரெடிமேட் பிளான் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். பல இடங்களில் கட்டிக் குடியிருந்து பார்த்த வடிவத்தில் அறை அளவும் புழங்குகிற வழியும் ஓரளவு சரியாகவே இருக்கும், வரைகிற செலவும் குறையும். அரசே கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி என்று ஒரே அளவு வைத்துத்தான் வீடு கட்ட உதவுகிறது, அதிலும் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடிக்கு வேறு கூரை போட்டுக்கொள்ளவும் இடம் உண்டு. பிரச்சினை வடிவத்தில் இல்லை, அதை மனையில் வைத்துப் பார்க்காமலே விண்ணப்பிப்பதில் இருக்கிறது.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு இந்த ஆபத்து கூடியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடுகிறது. நல்ல திட்டம், நடுத்தரக் குடும்பத்துக்கு அலைச்சலும் வீண் செலவும் மிச்சம். ஆனால் இதில் முன்கூட்டியே மனையைப் பார்க்க அதிகாரி வருவதில்லை, பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் வரைபடத்தில் ஒரு பிசகு இருந்தால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், நாமும் திருத்திக் கொடுப்போம். இப்போது "நான் கொடுத்த விவரம் எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். பின்னால் பக்கத்து மனைக்காரர் புகார் கொடுத்து, வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகலாம், 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வரலாம். ரூஃப் போட்ட பிறகு வருகிற நோட்டீஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு குடும்பம் இப்படி வந்தது. பத்திரத்தில் முப்பதுக்கு நாற்பது, பிளானும் அதே அளவு, 26 அடி அகல வீடு, ஒரு பக்கம் நான்கு அடி சந்து. டேப்பைப் பிடித்தால் முன்னால் முப்பது சரியாக இருக்கிறது, பின்னால் இருபத்தெட்டரைதான். நான்கு அடிச் சந்து பின்பக்கம் போகப் போக இரண்டரை அடியாகிறது, அதாவது ஒரு மீட்டர்கூட இல்லை, அதற்குள் சன்ஷேடும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மா "கல்லு நட்டுத்தானே குடுத்தாங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கல் நட்டது உண்மைதான், யாரும் குறுக்கே அளந்து பார்க்கவில்லை. முப்பதுக்கு நாற்பது மனை என்றால் மூலைக்கு மூலை சரியாக ஐம்பது அடி வர வேண்டும், இரண்டு மூலைவிட்டமும் அப்படியே வர வேண்டும். மேஸ்திரிகள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது மூலைமட்டம் பார்க்கிற மூன்று நான்கு ஐந்து கணக்குதான் இது. பிளானுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேர் ஒரு டேப்போடு போய் இதைப் பார்த்துவிடலாம், அப்புறம் சர்வே துறையின் புலப்படத்தோடு (எஃப்.எம்.பி.) ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் சர்வேயருக்கு மனு கொடுங்கள். வீட்டுக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளில் எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது சாலை அகலம், மனை அகலம், கட்டட உயரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவாகிறது. எங்கோ நாற்பதடி ரோட்டுக்குப் போட்ட பிளான் உங்கள் இருபதடித் தெருவுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வாசல் திசை மாறினால் படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். திருப்பினால் சமையலறை அக்னி மூலையை விட்டு ஓடிவிடும், அதை வாஸ்து பார்க்கிறவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கவனிக்காதது, திருப்பியதில் பெட்ரூமின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதும், பெரிய சுவர் மேற்கே போய் ஏப்ரல், மே மாத சேலத்து வெயிலை மாலை முழுக்க வாங்கிக்கொள்வதும்தான். மழைநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டி மூன்றையும் பெரும்பாலான ரெடிமேட் பிளான்களில் காட்டியே இருக்க மாட்டார்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது பில்லர். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலப் பில்லர்தான் இருக்கிறது. நில அதிர்வுக்கான இந்தியத் தர விதியான 2016 ஐ.எஸ். 1893 பட்டியலில் சேலம் மூன்றாவது நில அதிர்வு மண்டலம். அந்த மண்டலத்துக்குப் பொருந்தும் ஐ.எஸ். 13920, பில்லரின் சிறிய பக்கமே 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஓரடி. மண்ணும் தெருவுக்குத் தெரு மாறும் ஊர் இது. ஒரு மனையில் மூன்றடியில் பாறை தட்டும், கொஞ்சம் தள்ளி நிரவிய பள்ளத்தில் ஆறடி தோண்டியும் இறுகின மண் வராது. அஸ்திவார ஆழத்தை முன்கூட்டியே எழுதி விற்கிற பிளானை அப்படியே நம்பிவிடாதீர்கள், குழி எடுத்துப் பார்த்துவிட்டு அஸ்திவாரம், பில்லர், கம்பி விவரம் காட்டுகிற ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை இங்கே ஒரு பொறியாளரிடம் போடச் சொல்லுங்கள். அறைகளுக்கான படத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் மனை வாங்கியிருந்தால் கதையே வேறு. ஹாக்கா என்று எல்லோரும் சொல்கிற, 1990இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு அங்கே உண்டு. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை என்று தடையின்மைச் சான்றுகள் தேவைப்படும். சமதளத்துக்குப் போட்ட பிளானை நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ சரிவில் வைக்க வேண்டுமென்றால் ஜேசிபி விட்டு மலையை வெட்டி, வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி மட்டம் பண்ணுவார்கள். வீட்டில் பாதி கெட்டி மண்ணில், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும், முதல் பெருமழையில் விரிசல் ஆரம்பிப்பது அந்த இரண்டும் சேருகிற இடத்தில்தான். தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேறத் துளை விடாமல் கட்டியிருந்தால் சுவரும் சேர்ந்து சாயும். அங்கே படிப்படியாக இறங்குகிற தளமாக வரைந்தால் வெட்டுகிற மண் வெகுவாகக் குறையும், அதனால் மலை மனைக்குப் பிளான் கேட்டு வருகிறவர்களிடம் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்த படம் கையில் வரும் வரை நான் கோடு போடுவதில்லை.