இரண்டே சர்வரில் வி.எம். டிஸ்க் வைப்பவர்கள் கவனத்துக்கு

மண்டபத்திலிருந்து தொண்டி வரை, இறால் கம்பெனியோ லாட்ஜோ மருத்துவமனையோ, பில்லிங்கை விர்ச்சுவல் மெஷினில்தான் (வி.எம்., சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்) ஓட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் "ரெண்டு சர்வர் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடும்" என்ற நினைப்பைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இதே சேதத்தை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

வி.எம்.மின் டிஸ்க் காப்பி இரண்டு சர்வரிலும் இருக்கிறது. கரண்ட் போகிறது. இரண்டு சர்வரும் யு.பி.எஸ்.ஸில் ஓடுகின்றன. இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்சை மட்டும் சாதாரண பிளக்கில் சொருகியிருப்பதால் அது அணைந்துவிடுகிறது. மற்றது செத்துவிட்டது என்று நினைத்து, இரண்டு சர்வரும் அதே வி.எம்.ஐ ஓட்டுகின்றன. இரண்டு பக்கமும் தனித்தனியே பில் விழுகிறது. கரண்ட் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். முடியாது. டிஸ்க் இமேஜுக்குள் (வி.எம்.மின் முழு டிஸ்க்கையும் அடக்கிய ஃபைல்) இருப்பவை பிளாக்குகள், அதாவது டேட்டாவின் சின்னத் துண்டுகள். எந்தப் பிளாக் எந்தப் பில்லுக்கு உரியது என்று ஸ்டோரேஜுக்குத் தெரியாது. இதில் பாதி அதில் பாதி எடுத்தால் உள்ளே உள்ள ஃபைல் சிஸ்டமே உடையும். ஒரு பக்கத்தைத் தூக்கிப்போட்டே ஆக வேண்டும். அதில் விழுந்த பில்கள் போனது போனதுதான். ஸ்பிளிட் பிரெயின் என்பது இதுதான்.

உப்புக்காற்றில் நெட்வொர்க் முனைகளில் களிம்பு ஏறி லிங்க் விட்டு விட்டு வருவது இங்கே சகஜம். ஆகவே எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பெரும்பான்மையால் முடிவுசெய்ய மூன்றாவது ஓட்டு கட்டாயம். கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS, ஃபைல்களைப் பல சர்வர்களில் காப்பியாக வைக்கும் மென்பொருள்) என்றால் ரெப்ளிகா 2, அதாவது இரண்டே காப்பி, போடாதீர்கள். ரெப்ளிகா 3, அல்லது இரண்டும் ஒரு ஆர்பிட்டரும். ஓட்டுக்கு மட்டும் இருக்கும் ஆர்பிட்டரில் ஃபைல் பெயரும் மெட்டாடேட்டாவும் (ஃபைலைப் பற்றிய விவரம்) மட்டுமே இருக்கும், சின்ன மெஷின் போதும். முதல் இமேஜ் ஏறுமுன்னே ஷார்டிங்கை (பெரிய ஃபைலைத் துண்டுகளாக்கி வைப்பது) ஆன் செய்யுங்கள், பிறகு ஆஃப் செய்யவே கூடாது, இமேஜ்கள் கெட்டுவிடும். டி.ஆர்.பி.டி. 9 (DRBD, ஒரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே மற்றதில் காப்பி எடுப்பது) என்றால் டிஸ்க் இல்லாத மூன்றாவது நோடை, அதாவது மெஷினை, ஓட்டுக்குச் சேர்க்கலாம்.

செஃப் (Ceph, பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள்) என்றால் மூன்று சர்வர், சைஸ் 3 (மூன்று காப்பி), மின்-சைஸ் (min_size) 2, அதாவது குறைந்தது இரண்டு காப்பி இருந்தால்தான் எழுதும். அவசரத்துக்கு மின்-சைஸை 1 ஆக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரே காப்பியை நம்பி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அந்த டிஸ்க்கும் போனால் முடிந்தது.

கணக்கையும் பாருங்கள். சர்வருக்கு 2 டி.பி. டிஸ்க் இரண்டு, மொத்தம் 12 டி.பி.; கையில் கிடைப்பது 4. அதையும் நிரப்ப முடியாது. டிஸ்க்குகள் 60% நிரம்பியிருக்கும்போது ஒன்று செத்தால், சர்வருக்கு ஒரு காப்பி என்பதால், அதன் பங்கு அதே சர்வரின் இன்னொரு டிஸ்க்கில்தான் ஏற வேண்டும். 120% எங்கே கொள்ளும்? 90% தொட்டதும் மீட்பு நிற்கும். 95% தொட்டால் எழுதுவதே நிற்கும், எல்லா வி.எம்.களும் உறையும். ஆகவே இந்த அமைப்பில் 40%ஐத் தாண்டவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் மலிவு எஸ்.எஸ்.டி. வேண்டவே வேண்டாம்: எழுதும் ஒவ்வொன்றும் எல்லாக் காப்பிகளிலும் பதிந்த பிறகே செஃப் 'சரி' சொல்லும், கரண்ட் போனால் தாங்கும் கெப்பாசிட்டர் இல்லாத டிஸ்க் அங்கே திணறும். மெதுவாக இருக்கிறதென்று வி.எம். டிஸ்க்கின் கேஷை 'அன்சேஃப்' (டிஸ்க்கில் பதியும்வரை காத்திராத முறை) ஆக்குவது அதைவிட மோசம்.

நாலைந்து வி.எம். வைத்திருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? இசட்.எஃப்.எஸ். (ZFS என்ற ஃபைல் சிஸ்டம்) போட்டு, வி.எம்.களை நிர்வகிக்கும் மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸின் (Proxmox) ரெப்ளிகேஷனை, அதாவது மறு சர்வருக்குக் காப்பி எடுப்பதை, 15 நிமிடத்துக்கு ஒருமுறை வையுங்கள். கடைசி 15 நிமிட வேலை போகலாம், அவ்வளவுதான். மறு சர்வரில் வி.எம்.ஐ ஆளே கிளப்பட்டும், தானாகக் கிளம்ப வேண்டாம்.

எதைப் போட்டாலும் பேக்கப் தனி. தவறி அழித்தது மூன்று காப்பியிலும் அழியும். பேக்கப் மதுரையிலாவது இருக்கட்டும், புயல் வந்தால் ஊர் முழுக்கத்தான் நனையும்.

ஸ்விட்ச்சையும் யு.பி.எஸ்.ஸுக்கு மாற்றுங்கள். பில்லிங்கை ஏற்றுமுன் ஸ்விட்ச் பவரைப் பிடுங்கிப் பாருங்கள், ஒரே டெஸ்ட் வி.எம். இரண்டு பக்கமும் ஓடினால், அந்த அமைப்பில் எதையும் ஏற்றாதீர்கள்.