நீர்க்காகம் ஏன் சிறகை விரித்து நிற்கிறது?

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் சுமார் 40 கிலோமீற்றர் போனால் கந்தளாய்க் குளம். காலை வெயில் ஏறும் நேரத்தில் குளக்கட்டில் நின்று பார்த்தால், தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரத்திலோ கல்லிலோ ஒரு கறுப்புப் பறவை இரண்டு சிறகையும் அகல விரித்தபடி அசையாமல் நிற்பது தெரியும். அது பெரும்பாலும் நீர்க்காகம். சில சமயம் பாம்புத்தாரா.

நீர்க்காகத்தின் உடலில் எண்ணெய் சுரக்காது, அதனால்தான் நனைகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி அதற்கும் உண்டு. அலகால் எடுத்து இறகில் பூசியும் கொள்கிறது. நனைவதற்குக் காரணம் இறகின் அமைப்பு. ஒரு தாராவின் இறகில் நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து நுண்கிளைகள், அவற்றைப் பிணைக்கும் கொக்கிகள் என்று எல்லாம் நெருக்கமாக இருக்கும். இடையில் காற்று சிக்கிக்கொள்வதால் தண்ணீர் உள்ளே இறங்க முடியாது. தாமரை இலையில் துளி உருள்வதும் இதே இயற்பியல்தான். நீர்க்காகத்தின் இறகிலோ வெளி ஓரம் மட்டும் தளர்வாக இருக்கிறது. அந்த ஓரம் நனையும், உட்பகுதி நனையாது.

இதனால் பறவைக்கு என்ன லாபம்? இறகில் சிக்கிய காற்று மிதவையாக வேலை செய்யும். மீனைத் துரத்தி ஆழத்துக்குப் போகும் பறவைக்கு அது பெரிய தடை, ஒவ்வொரு நொடியும் காலால் உந்தி அதை எதிர்க்கவேண்டும். வெளி இறகு நனைந்து காற்று வெளியேறினால் முக்குளிப்பது இலகு. ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். முழுதாக நனைந்தால் உடல் குளிர்ந்துவிடும். அதனால்தான் தோலோடு ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப்படை எஞ்சுகிறது. நனைந்த வெளி இறகைக் காயவைக்கத்தான் பறவை வெளியே வந்து சிறகை விரித்து நிற்கிறது. இரண்டு தேவைக்கும் ஒரே இறகு ஈடுகொடுப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பாம்புத்தாரா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் இறகு தோல்வரை நனையும். அதனால் உடல் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்க, கழுத்து மட்டும் பாம்புபோல வெளியே தெரியும். இதற்கு வெயில் உலர்வதற்கு மட்டுமல்ல, சூடேறுவதற்கும் வேண்டும். அமெரிக்காவில் வாழும் அதன் நெருங்கிய உறவான அன்ஹிங்கா, உடல் காய்ந்திருந்தாலும் குளிரான நேரத்தில் சூரியனுக்கு முதுகைக் காட்டிச் சிறகை விரிக்கிறது. கறுப்பு முதுகு வெப்பத்தை நன்றாக உறிஞ்சும்.

படமெடுப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். காயாத பறவையைத் துரத்திப் பறக்கவைத்தால் ஈரப்பாரத்தோடுதான் அது எழவேண்டும். விரித்த சிறகோடு பிடித்த சூடும் வீண். தோணியில் நெருங்கிப்போய் எடுக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கரையில் பேசாமல் உட்கார்ந்திருங்கள், நீளமான லென்ஸ் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் வெளிச்சம். பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் கறுப்புப் பறவை சிறிதாகத் தெரியும்போது, கமரா முழுக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் என்று கணக்குப் போட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும்; பறவை வெறும் கறையாகிவிடும். கமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 அளவுக்குக் கூட்டினால் இறகின் பளபளப்பும் கண்ணும் வெளிவரும். இருண்ட நீரில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு இதற்கு நேர்மாறு, -1 வரை குறைக்கவேண்டும். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி போதும், பறந்தால் 1/2000.

பாம்புத்தாராவை எடுப்பதென்றால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பறவையும் பெரும்பாலும் சூரியனுக்கு முதுகைக் காட்டியே நிற்பதால், தோளில் ஓடும் வெள்ளிக் கோடுகள் நேராக உங்கள் பக்கம் இருக்கும். அது தலையைப் பக்கவாட்டில் திருப்பும்வரை காத்திருந்தால் ஊசியான அலகும் சேர்ந்து படத்தில் விழும்.