கார் சீட்டை இறக்கப் போகிறீர்களா? முதலில் அந்த நாலு போல்ட்டைப் பாருங்கள்

மழை விட்ட ஒரு காலையில் என் பட்டறைக்கு ஒரு மஸ்டாங் வந்தது. 2016இல் இந்தியாவுக்கு விற்பனைக்கு வந்த 5 லிட்டர் வி8 கார். மதுரையில் அது கண்ணில் படுவதே அபூர்வம் என்பதால் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். ஓட்டி வந்த தம்பிக்கு உயரம் 6 அடி 2 அங்குலம். குனிந்து, நெளிந்து, உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இறங்கினார்.

“அண்ணே, வேகத்தடையில ஏறி இறங்குனா சீட்டுக்கு அடியில டொக்குன்னு ஒரு சத்தம். மீட்டர்ல ஏர்பேக் லைட்டும் எரியுது. மத்தபடி ஒண்ணும் இல்லண்ணே.”

மற்றபடி ஒன்றும் இல்லையாம். அந்த இரண்டும் சேர்ந்து வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கேட்டேன். கூரை தலையில் இடிக்கிறது என்று ஒரு வெல்டிங் கடையில் பிராக்கெட் (சீட்டையும் தரையையும் இணைக்கும் இரும்புப் பிடி) செய்து சீட்டை ஓர் அங்குலம் இறக்கியிருக்கிறார். மொத்தச் செலவு 1,800 ரூபாய்.

சீட்டைக் கழற்றிப் பார்த்தோம். 3 மில்லிமீட்டர் பட்டை இரும்பை இசட் எழுத்து மாதிரி வளைத்து, நாலு ஓட்டை போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு பட்டையின் வளைவில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தது. துணியால் துடைத்து டார்ச் அடித்தால், வெடிப்பு பெயின்ட்டோடு நிற்கவில்லை, இரும்பிலும் இறங்கியிருந்தது. பின்பக்க ஓட்டை வட்டமாக இல்லை, கோழிமுட்டை மாதிரி நீண்டுவிட்டது. டொக் சத்தம் அங்கிருந்துதான். போல்ட் தலையில் ஓர் எண்ணும் இல்லை. கார் கம்பெனி போடும் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று அதன் பலம் பொறித்திருக்கும். மொட்டைத் தலையோடு இருக்கும் போல்ட் எவ்வளவு தாங்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது.

சீட் என்றால் உட்காரும் பலகை, நம் எடையைத் தாங்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிள், சீட்டின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. மோதும்போது உங்கள் உடம்பு பெல்ட்டை இழுக்கும், பெல்ட் பக்கிளை இழுக்கும், பக்கிள் சீட்டை இழுக்கும். கடைசியில் அத்தனை இழுப்பும் தரையில் இருக்கும் நாலு போல்ட்டில் வந்து விழும். மூன்று முனை பெல்ட்டைச் சோதிக்கும் ஐ.நா. விதிமுறையில், தோள் பட்டைக்கும் மடிப் பட்டைக்கும் தனித்தனியாகச் சுமார் 1,350 கிலோ இழுப்புக் கொடுக்கிறார்கள். பக்கிள் சீட்டில் இருந்தால், சீட்டின் எடையைப் போல 20 மடங்கை அதோடு சேர்க்கிறார்கள். மோட்டார் வைத்த சீட் ஒன்று 30 கிலோ என்று வைத்துக்கொண்டால் அதுவே 600 கிலோ. இப்போது அந்த 3 மில்லி பட்டையை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தை ரெயில் என்போம். அந்த ரெயிலின் கால்களை நேராகத் தரையில் வைத்து முடுக்கினால் போல்ட்டுக்கு நேரடிச் சுமை மட்டும்தான். இசட் பட்டை வந்துவிட்டால் சீட் ஓர் இடத்தில், போல்ட் வேறோர் இடத்தில். இடைவெளி நெம்புகோலாகிவிடும். தினமும் பிரேக் அடிக்க அடிக்க வளைவு ஒரு நூல் விரியும், ஒரு நூல் சுருங்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதே கதைதான். பிராக்கெட்டே வேண்டாம் என்று ரெயிலின் காலை அறுத்து, குட்டையாக்கி, மறுபடி வெல்டிங் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம். ரெயில் சாதா இரும்பு இல்லை, பதம் செய்த உயர்பல எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும்.

இறக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கோவை கரி ஸ்பீட்வேயிலோ சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ பந்தயத் தடத்தில் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறவருக்குத் தலைக்கு மேல் இடம் கட்டாயம் வேண்டும். உங்கள் காரின் மாடலுக்கும் வருடத்துக்கும் என்றே அச்சில் அழுத்திச் செய்த பிராக்கெட், போல்ட்டும் பொருத்தும் வழிமுறையும் சேர்ந்து வந்தால் வாங்கலாம். “எல்லா வண்டிக்கும் சேரும்” என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு பைசா செலவில்லாத வேலை ஒன்று. சீட்டின் உயரத்தைக் கடைசி வரை இறக்கியாயிற்றா? சிரிக்காதீர்கள், அந்தப் பட்டன் இருப்பதே தெரியாமல் மூன்று வருடம் ஓட்டியவர் என் வாடிக்கையாளர்தான். அப்புறம் சீட் கவர். நம் ஊரில் புதுக் கார் ஷோரூமை விட்டு வந்த மறுநாளே ஸ்பான்ஞ் வைத்த ரெக்ஸின் கவரைத் தைத்து மாட்டிவிடுகிறோம். அதைக் கழற்றினாலே ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கும். கூடவே இன்னொரு நன்மை: பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். அதன் மேல் ரெக்ஸினை இறுக்கித் தைத்தால் எங்கே வரும்? மெத்தையைச் சீவிக் குறைக்கிறேன் என்பவர்களிடமும் ஜாக்கிரதை. பல கார்களில் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் விரிப்பு அந்த மெத்தைக்குள்தான் இருக்கிறது.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். மோட்டார் சீட் என்றால் பேட்டரியைக் கழற்றும் முன்பே சீட்டை முழுக்க முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும், முழுக்கப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும் தளர்த்திவிட வேண்டும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டால் சீட் நகராது, போல்ட்டும் எட்டாது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கே இது நடந்திருக்கிறது. அடுத்து, சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர்பேக்கின் மிச்ச மின்சாரம் வடியக் காத்திருக்க வேண்டும். கையேட்டில் சில நிமிடம் என்று போட்டிருந்தாலும் நான் கால் மணி நேரம் விடுகிறேன், ஒரு டீக்கு ஆகும். சீட்டைப் பின்னால் சாய்த்தால் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரியும். மஞ்சள் என்றால் ஏர்பேக், அல்லது மோதும்போது பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் குப்பி. அதில் மின்சாரம் பார்க்கும் டெஸ்ட் லைட்டையோ மீட்டரையோ வைத்துப் பார்க்கவே கூடாது. பூட்டைத் திறந்து பக்குவமாக உருவுங்கள். சீட் வெளியே இருக்கும்போது “பாட்டு கேட்போம்” என்று யாராவது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் லைட் எரியும், பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டும். அந்தத் தம்பியின் காரில் லைட் எரிந்த காரணம் வேறு. இறங்கிய சீட்டின் மோட்டார், ஒயர் கட்டைக் கார்ப்பெட்டோடு நசுக்கியிருந்தது. ஒரு ஒயரின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது.

மாட்டும்போது நாலு போல்ட்டையும் கையால் மூன்று நாலு சுற்று ஏற்றிவிட்டுத்தான் ரெஞ்சைத் தொட வேண்டும். ஏர் கன் வைத்து டர்ரென்று ஏற்றினால் மரை கடித்துவிடும், தரையில் இருக்கும் அந்த நட்டை மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கடைசி முடுக்கு, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் இருக்கும் அளவுக்கு. பிறகு சீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டி, அடியில் எதுவும் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும்.

இறக்கிய பிறகு உட்காரும் விதம் மாறும், இதை யாரும் சொல்வதில்லை. முன்பக்கம் அதிகமாக இறங்கினால் தொடை முன்னோக்கிச் சரியும். மோதலில் இடுப்பு, மடிப் பட்டைக்கு அடியில் வழுக்கும், பட்டை இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் முதுகு சாய்ந்து, தோள் பட்டை நெஞ்சை விட்டு விலகும். நாலு பக்கமும் ஒரே அளவு இறங்கியதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

பார்வையும் குறையும். பட்டறையில் நான் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் காருக்கு முன்னால் வைத்து, அதன் அடிப்பாகம் தெரியும் வரை தள்ளிக்கொண்டே போகச் சொல்வேன். இந்த மாதிரி நீண்ட பானெட் காரில் ஓர் அங்குலம் இறக்கினால், கண்ணுக்கு மறையும் தரை முன்பக்கம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடுகிறது. மதுரை நத்தம் சாலை மேம்பாலத்தின் மேலே அது பெரிதில்லை. கீழே இறங்கி, கன்றுக்குட்டியும் மூன்று சக்கர சைக்கிளும் குறுக்கே வரும் தெருவுக்குள் நுழைந்தால் பெரிதுதான்.

ஆர்சியில் எத்தனை இருக்கை என்றுதான் இருக்கும், சீட்டின் உயரம் இருக்காது. ஆனாலும் இன்சூரன்ஸ்காரர்களுக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்குச் சரியான பிராக்கெட் வரவழைத்து மாட்டி, ஒயரையும் மாற்றிக் கொடுத்தோம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் பார்க்க வந்தார். தலைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தது. “இப்ப என் வீட்டுக்காரம்மாவுக்கு ரோடே தெரியலையாம்ணே, மாத்தி விட முடியுமா?” என்றார். அவர் 5 அடி. கம்பெனி போல்ட்டுகளைப் பையில் கட்டி டிக்கியில் போட்டிருந்தேன், அதை எடுத்துக் காட்டினேன்.