காத்து தலைகீழா அடிக்கிற தெரு

சிகாகோ டவுன்டவுன்ல வேலை பாக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "வெதர் ஆப்ல மேற்குக் காத்துன்னு போட்டிருக்கு, அண்ணாந்து பாத்தா மேகமும் மேற்கேயிருந்து கிழக்கேதான் போகுது, ஆனா ஆபீஸ் வாசல் தெருவை கிழக்குப் பக்கமா கடக்கும்போது காத்து கிழக்கேயிருந்து வந்து மூஞ்சில அடிக்குது. ஆப் தப்பா, இல்ல எனக்குத் திசை குழம்புதா?"

ஆப்பும் சரி, நீங்களும் சரி. இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா நகரத்துக் காத்தைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

ரெண்டு பக்கமும் உயரமான கட்டடம் சுவர் மாதிரி நின்னா அந்தத் தெருவை அமெரிக்காவுல கேன்யன்னு சொல்றாங்க, அதாவது செங்குத்துப் பாறைக்கு நடுவுல இருக்குற மலை இடுக்கு. நியூயார்க் பிராட்வேயோட தெற்கு முனைக்கு 'கேன்யன் ஆஃப் ஹீரோஸ்'னே பேரு, ஜெயிச்சு வந்தவங்களை மேலேருந்து காகிதத்துண்டு தூவி ஊர்வலமா கூட்டிட்டுப் போற இடம். கேன்யன்னு சொன்னா எல்லாருக்கும் கிராண்ட் கேன்யன்தான் ஞாபகம் வரும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, கிராண்ட் கேன்யன் ஆழம் சுமார் ஒரு மைல், அகலம் சராசரியா பத்து மைல், ஆழத்தை அகலத்தால வகுத்தா 0.1தான் வரும். நியூயார்க்கோட மையப் பகுதியான மன்ஹாட்டன்ல 1811-ல தெருக்களுக்குப் பிளான் போட்டப்ப சாதாரணக் குறுக்குத் தெருவுக்கு 60 அடி அகலம்னு வச்சாங்க, அந்தத் தெரு ஓரமா 600 அடிக் கட்டடம் நின்னா விகிதம் 10. கிராண்ட் கேன்யனை விட நூறு மடங்கு ஒடுக்கம்! யூட்டாவுல ஸயான் பூங்காவுல நேரோஸ்னு ஒரு இடுக்கு இருக்கு, சில இடத்துல முப்பது அடி கூட அகலம் இல்லாம ஆயிரம் அடி சுவர் நிக்கும், தண்ணிக்குள்ளயே நடந்து போகணும். மன்ஹாட்டன் தெருவுக்கு ஒப்பு சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும்.

இந்த உயரம்-அகல விகிதத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுலேருந்தே வந்துடும். வெயில் கதை நமக்குத் தெரிஞ்சதுதான், தெரு ஒடுக்கமா இருந்தா வானம் கொஞ்சமாத்தான் தெரியும், பகல்ல சுவர் குடிச்ச சூட்டை ராத்திரி வானத்துக்கு விட முடியாம எதிர்ச் சுவருக்கே திருப்பிக் கொடுத்துக்கிட்டிருக்கும். கனடாவைச் சேர்ந்த நகர வானிலை ஆராய்ச்சியாளர் டிம் ஓக், பல நகரங்களோட அளவுகளை வச்சு ஒரு சூத்திரமே கொடுத்தாரு. அதன்படி காத்தில்லாத தெளிஞ்ச ராத்திரியில விகிதம் 1 இருக்குற நகர மையம் சுத்தி இருக்குற கிராமப்புறத்தை விட ஏழரை டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடா இருக்கலாம், விகிதம் 3 ஆனா கிட்டத்தட்ட 12 டிகிரி. இதைப் பத்தி நெறைய எழுதியாச்சு, அதனால காத்துக்கு வர்றேன்.

வடக்கு தெற்கா போற ஒரு தெரு, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல கட்டடம், மொட்டைமாடிக்கு மேல மேற்குக் காத்து குறுக்க அடிக்குதுன்னு வச்சுக்குவோம். தெரு ரொம்ப அகலமா இருந்தா காத்து இறங்கி வந்து தெருவுல அடிச்சிட்டு அடுத்த கட்டடத்து மேல ஏறிப் போயிடும். விகிதம் சுமார் 0.7-ஐத் தாண்டினா அது கீழ இறங்குறதில்ல, கூரைக்குக் கூரை தாவி வழுக்கிட்டுப் போயிடுது. அப்படின்னா கீழ தெருவுல இருக்குற காத்து அசையாம நிக்குமா? நிக்காது. கிணத்து ராட்டினம் ஞாபகம் இருக்கா, மேல கயிறு ஒரு பக்கம் இழுத்தா ராட்டினத்தோட அடிப்பக்கம் எதிர்த் திசையில போகும்ல, அதேதான். மேல போற காத்துதான் கயிறு, தெருவுக்குள்ள அடைபட்ட காத்து முழுசும் படுக்க வச்ச ஒரு பெரிய ராட்டினம். கிழக்குப் பக்கக் கட்டடத்துச் சுவர்ல மோதி கீழ இறங்குது, தரையில கிழக்கேயிருந்து மேற்கே ஓடுது, மேற்குப் பக்கச் சுவர் ஓரமா மேல ஏறுது, மறுபடி சுத்துது. அதனாலதான் மேகம் ஒரு திசையில போக உங்க மூஞ்சில அடிக்கிற காத்து நேர் எதிர்த் திசையில வருது.

இதுல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. நடு ரோட்டுல கார் விடுற புகையை இந்தச் சுழல் தரையோட தரையா மேற்கே தள்ளி, மேற்குப் பிளாட்பாரத்துல நடக்குறவங்க மூக்கு வழியா ஏத்தி மேல கொண்டு போகுது. கிழக்குப் பிளாட்பாரத்துல இருக்குறவங்களுக்கோ மேலேருந்து இறங்கின புதுக் காத்து. அதாவது காத்துக்கு மறைவா இருக்கேன்னு நாம ஒதுங்குற பக்கம்தான் புகை அதிகமா இருக்குற பக்கம்! இது வெறும் காகிதக் கணக்கு இல்ல, 1970-கள் தொடக்கத்துலயே கலிபோர்னியாவுல சான் ஹோசே நகரத் தெருவுல கார்பன் மோனாக்சைடை ரெண்டு பக்கமும் அளந்து, மறைவுப் பக்கம்தான் அதிகம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. இதை முதல் தடவை படிச்ச அன்னிக்கு நான் வேற எதுவுமே படிக்கல, காகிதத்துல அம்புக்குறி போட்டுப் போட்டு அந்தச் சுழலையே வரைஞ்சுக்கிட்டிருந்தேன்.

தெரு இன்னும் ஆழமா போனா, விகிதம் ரெண்டைத் தாண்டினா, ஒரே சுழல் அடி வரைக்கும் எட்டாது. கரும்புச் சாறு மெஷின்ல ஒண்ணு மேல ஒண்ணா உருளை எதிரெதிரா சுத்துமே அந்த மாதிரி கீழ இன்னொரு சுழல் உண்டாகும், ஆனா அது சோம்பேறிச் சுழல், புகை அங்கயே தங்கிப் போயிடும். காத்து சாய்வா அடிச்சா சுழல் திருகாணி மாதிரி தெரு நீளத்துக்கும் திருகிட்டுப் போகும். முச்சந்தி, நாற்சந்தி பக்கம் போனா எல்லாம் குழம்பிடும்.

ஆனா நிஜ அமெரிக்க நகரத்துல ஒரே உயரத்துல எங்க நிக்குது? பத்து மாடிக்கு எதிர்ல அறுபது மாடி நிக்கும். உயரம் போகப் போக காத்து வேகம் கூடும், வேகம் ரெண்டு மடங்கானா சுவர் மேல அழுத்தம் நாலு மடங்காகும். அதனால ஒசந்த கட்டடத்தோட முகத்துல, உயரத்துல சுமார் மூணுல ரெண்டு பங்கு ஏறினா அங்கதான் அழுத்தம் உச்சம். அங்க முட்டின காத்துக்குப் போக்கிடம் வேணும், மேல கொஞ்சம் போகுது, பக்கவாட்டுல கொஞ்சம் போகுது, மிச்சமெல்லாம் அழுத்தம் கம்மியா இருக்குற கீழ்ப்பக்கம் சரசரன்னு வழிஞ்சு தெருவுல விழுது, மூலையில திரும்பும்போது இன்னும் வேகம் எடுக்குது. சிகாகோ வாசகரே, உங்க தெருவுல கிழக்குப் பக்கம் எதிர்ப்பக்கத்தை விட ஒசந்த கட்டடம் இருக்கும்னு நினைக்கிறேன், அப்படி இருந்தா இந்த வழியிற காத்தும் ராட்டினமும் ஒரே திசையில சேர்ந்துக்கும். குழாய்ல அடைச்ச தண்ணி மாதிரி தெருவுக்குள்ள காத்து பிதுங்கிப் பாயுதுன்னு பலபேர் விளக்கம் சொல்றாங்க, அது எனக்கு ஒப்பல, ஏன்னா குழாய்க்கு மூடி இருக்கு, தெருவுக்கு மேல திறந்த வெளி, காத்து வேணும்னா மேல ஏறிப் போயிடலாம். உங்களைத் தள்ளுற காத்து பெரும்பாலும் மாடி உயரத்துலேருந்து இறங்கி வந்த காத்து.

இதுக்கு அழகான சாட்சி அமெரிக்காவோட எம்.ஐ.டி.யில, அதாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துல இருக்கு. ஐ.எம். பெய் வடிவமைச்ச கிரீன் பில்டிங், 1964-ல திறந்தது, 21 மாடி, தரைத்தளத்துல தூண் மட்டும் வச்சு நடுவுல திறந்து விட்டிருந்தாங்க. முன்பக்கம் அழுத்தம் கூடுதல், பின்பக்கம் குறைச்சல், நடுவுல ஒரு ஓட்டை, காத்து சும்மா இருக்குமா, அடிச்ச அடியில கதவைத் திறக்கவே முடியாமப் போயி அப்புறம் சுழல் கதவு வச்சாங்க. வானிலை விஞ்ஞானிகள் உக்காந்து வேலை பாக்குற கட்டடமே அதுதான்.

நகரங்களை ஒப்பிட்டா சட்டம் எப்படி காத்தை மாத்துதுன்னு தெரியும். நியூயார்க்ல 1915-ல ஈக்விட்டபிள் பில்டிங்னு ஒரு ஏக்கருக்கும் குறைவான இடத்துல 38 மாடி நேரா எழும்பி, ஏழு ஏக்கர் நிழல் விழுதுன்னு ஊரே சண்டை போட்டுது. மறு வருஷமே, 1916-ல, சட்டம் வந்துது: குறிப்பிட்ட உயரத்துக்கு மேல கட்டடம் படிப்படியா உள்வாங்கணும், அந்த உயரம் தெரு அகலத்தைப் பொறுத்தது. வெளிச்சத்துக்காகப் போட்ட சட்டம், ஆனா எம்பயர் ஸ்டேட்ல பாக்குற மாதிரி அந்தப் படி ஒவ்வொண்ணும் மேலேருந்து வழியிற காத்தைத் தாங்கிப் பிடிக்கிற தட்டாவும் ஆயிடுச்சு. அப்புறம் 1961-ல புது விதி வந்துது, கீழ திறந்தவெளி விட்டா மேல கூடுதலா மாடி கட்டிக்கலாம்னு. வந்ததெல்லாம் படியே இல்லாத நேர் கோபுரங்கள். மேலேருந்து சறுக்கி வர்ற காத்து, ஜனங்க உக்காரட்டும்னு விட்ட அந்தத் திறந்தவெளியிலயே வந்து விழுது. எனக்கு இது பெரிய வருத்தம்.

வாஷிங்டன்ல இந்தப் பிரச்சனையே வேற மாதிரி. 1910 சட்டப்படி கடைவீதிக் கட்டடம் தெரு அகலத்தோட 20 அடி சேர்த்த உயரம்தான், எப்படியும் பொதுவா 130 அடிக்கு மேல கூடாது. அதனால விகிதம் ஒண்ணுக்குப் பக்கத்துலயே நின்னுடும், வானம் பளிச்சுன்னு தெரியும். சான் பிரான்சிஸ்கோ 1985-ல டவுன்டவுனுக்கு நேரடியாவே காத்துக்கு வரம்பு வச்சுது: ஜனங்க நடக்குற இடத்துல மணிக்கு 11 மைல், உக்கார்ற இடத்துல 7 மைல், பத்துல ஒரு பங்கு நேரத்துக்கு மேல அதைத் தாண்டக் கூடாது. கட்டுறதுக்கு முன்னாடியே மாடல் செஞ்சு காத்துச் சுரங்கத்துல வச்சு ஊதிப் பாத்தாகணும்.

ஆராய்ச்சிப் பணத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இந்தச் சுழல்களை நிஜ நகரத்துல ரொம்பப் பெரிய அளவுல அளந்த ஆராய்ச்சிகள்ல ஒண்ணு 2003 ஜூலையில ஓக்லஹோமா சிட்டியில நடந்தது. சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடுங்கிற விஷமில்லாத வாயுவைத் தெருவுல விட்டு, அது எங்கெல்லாம் போகுதுன்னு பார்க் அவென்யூ இடுக்குல கருவிகளை அடுக்கி அளந்தாங்க. பணம் கொடுத்தது பாதுகாப்புத் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும், யாராவது விஷ வாயு விட்டா எப்படிப் பரவும்னு தெரிஞ்சுக்க. நல்ல வேலைதான், அந்த அளவுகளை இன்னிக்கும் உபயோகிக்கிறாங்க. ஆனா தினமும் எட்டு மணி நேரம் அதே தெருவுல தள்ளுவண்டியோட நிக்கிறவர் இழுக்குற புகைக்காகவும் இதே அளவுக்குப் பணம் ஒதுக்கணும்னு நான் நினைக்கிறேன், அவருக்கு அது வருமா வராதாங்குற பயம் இல்ல, தினமும் நடக்குறது.

நியூயார்க் போறவங்க இதைக் கண்ணாலயே பாக்கலாம். மன்ஹாட்டன் தெருவுக்கு அடியில 1882-லேருந்து நீராவிக் குழாய் ஓடுது, குளிர்நாள்ல ரோட்டு மூடி வழியா வெள்ளையா ஆவி கிளம்பும். காத்து குறுக்க அடிக்கிற ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, சந்திப்பை விட்டுத் தள்ளி நடுவுல நின்னு, முதல்ல மேகம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, அப்புறம் ஆவி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. ஆவி சாயுற பக்கத்துக்கு எதிர்ப் பிளாட்பாரத்துல நடங்க.